வெளியே வராத பொம்மைகள்

போட்டி என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. "ஞாயிறு ரெண்டு மணி நேரம்" என்றுதான் சொல்வோம். கணினி விளையாட்டில் ஆட்டக்காரர்கள் ஓடியும் ஒளிந்தும் திரிகிற தெருக்களையும் கட்டடங்களையும் குகைகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டியிருக்க வேண்டும் அல்லவா? அதற்கு மேப் என்று பெயர். மேப் கட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். குழுவை நடத்துவது நானும், வேப்பனப்பள்ளிக்காரரான ஒரு நண்பரும்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இரும்புத் துண்டில் துளை போடும்போது அது அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்சர் என்கிற பிடிமானங்களைக் கணினியில் வரைவது என் வேலை. நாளெல்லாம் மயிரிழை அளவு பிசகுக்காகச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், யாரும் அளந்து பார்க்காத ஒரு மலையையோ பாலத்தையோ கட்ட வேண்டும் போலிருக்கும். அப்படித்தான் மேப் பழக்கம் வந்தது. ஒருமுறை இணையத்தில் நடந்த பெரிய போட்டிக்கு ஒன்றை அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் அதற்குக் கீழே, "இதற்குள் நடப்பதைவிடச் சும்மா இருக்கலாம்" என்று எழுதிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரு வருடம் நான் அந்த மென்பொருளைத் திறக்கவே இல்லை.

நண்பர் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மார்க்கு, ரேங்கு எதுவும் இல்லாம நாமளே நடத்தலாங்க. டைம் மட்டும் வைக்கலாம். டைம் இல்லைன்னா நான் ஜென்மத்துக்கும் எதையும் முடிக்க மாட்டேன்."

இப்படித் தொடங்கியது. ஞாயிறு இரண்டு மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் கூடுவோம். தலைப்பை அப்போதுதான் சொல்வோம். நான்கு மணிக்கு நண்பர் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவார், கையை எடுத்துவிட வேண்டும். பாதியில் நின்றாலும் பரவாயில்லை. "சரியா வரலைங்க, மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. பிறகு எல்லோரும் ஒவ்வொருவர் மேப்புக்குள்ளும் நடந்து போவோம். பிடித்தது ஒன்றைச் சொல்ல வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதலிடம் இல்லை, கடைசி இடமும் இல்லை. மேப்பில் ஆட்டக்காரர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்க, அதற்குள் பொம்மை ஆட்களை விட்டு ஓட வைப்போம். அவை சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பதுதான் வாரத்தின் பெரிய பொழுதுபோக்கு.

ஒரு பெண் எங்களோடு சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பெண், வயது இருபதோ இருபத்தொன்றோ. ஓசூரில் கைப்பேசி உதிரிபாகம் பொருத்தும் இடத்தில் வேலை. பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் மேப் கட்டுவாள். பேசவே மாட்டாள், எல்லாம் தட்டச்சில்தான். அவள் மேப்புகள் சிறியவை, துப்புரவானவை. ஒரு கிணற்றடி, ஒரு பேருந்தின் உட்புறம், அப்படி.

அந்த வாரம் நண்பரின் ஆலையில் அம்மோனியா கசிந்தால் எப்படி வெளியேறுவது என்று அபாயச் சங்கு ஊதி ஒத்திகை நடந்திருக்கிறது. அதில் அவர்தான் கடைசியாக வெளியே வந்திருக்கிறார். ஆலை முழுக்கக் கிண்டல். அந்த எரிச்சலில் அவர் தலைப்பைச் சொன்னார்: "சங்கு ஊதினா. அதான் தலைப்பு. நிறைய பேர் இருக்கிற ஒரு இடம். சங்கு ஊதுது. எல்லாரும் வெளிய வரணும். அவ்ளோதான்."

நான்கு மணிக்குத் தட்டுச் சத்தம் கேட்டது. நான் ஒரு சினிமா தியேட்டர் கட்டியிருந்தேன். நண்பர் மாங்காய் மண்டி. அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரர், ஒரு கல்லூரி ஆசிரியர், தேர் ஓடுகிற தெரு ஒன்றைப் பாதி கட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் பொம்மைகளை விட்டோம். மண்டியில் ஒரு பொம்மை லாரிக்கு அடியில் புகுந்து வெளியே வர மறுத்தது. நண்பர் அதற்குத் தன் மேலாளரின் பெயரை வைத்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியாக அந்தப் பெண்ணுடைய மேப். அடுக்கு மாடிக் கட்டடம். ஒவ்வொரு அறையிலும் இரண்டடுக்குக் கட்டில்கள், நெருக்கமாக. துணி காய்கிற கம்பிகள்கூட இருந்தன. சாம்பல் நிறப் பெட்டிகளால் மட்டும் கட்டியிருந்தாலும் அதற்குள் நடக்கும்போது சோப்பு வாசனை வருவது போலிருந்தது. "எவ்வளவு நேர்த்தி!" என்று நான் சொன்னேன். கட்டிலுக்கு ஒரு பொம்மையாக நிரப்பிவிட்டு நண்பர் சங்கை ஒலிக்க வைத்தார்.

பொம்மைகள் எழுந்தன. எங்கள் பொம்மைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அருகில் இருக்கிற வாசலைப் பார்த்து ஓடும், அது அடைத்திருந்தால் அடுத்ததைத் தேடும். பாதிப் பொம்மைகள் கட்டடத்தின் பின்பக்கம் ஓடின. அங்கே மாடிக்கு ஒரு கதவு. அதில் முட்டித் திரும்பி, முன்பக்கம் இருந்த ஒரே படிக்கட்டுக்கு வந்தன. அங்கே ஏற்கெனவே மற்ற பாதி நின்றது. படிக்கட்டு இரண்டு பேர் அகலம்கூட இல்லை. கீழே இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பொம்மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, நின்ற இடத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

யாரோ சிரித்தார்கள். "பாகிலு எல்லி?" என்றார் ஆசிரியர், கதவு எங்கே என்று. நண்பரும் சிரித்தபடி, "எக்ஸிட் வைக்க மறந்துட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவள் குரலை முதல் தடவையாகக் கேட்டோம்.

"மறக்கலைங்க. கதவு இருக்குதுங்க. பூட்டியிருக்குது."

"பூட்டை எடுத்துட்டா ஆச்சு. ஒரு க்ளிக்குதானே?"

"இல்லைங்க. நெசத்துல பூட்டியிருக்குது. இது நான் இருக்கிற ஹாஸ்டலுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் பேச்சு தடுமாறித் தடுமாறி வந்தது. "நிறைய பேர் இருக்கிற இடம்னு சொன்னீங்க. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச இடம் இதுதானுங்க, அதான் போட்டேன். வேற ஒண்ணும் நெனைக்கலைங்க. பொம்மைங்களை விடற வரைக்கும் எனக்கே தெரியாது." பிறகு சொன்னாள்: "மூணாவது மாடி, ஜன்னல் ஓரம் ஒண்ணு நிக்குது பாருங்க. ரூமை விட்டே வெளிய வரலை. அது என் கட்டிலுங்க."

நாங்கள் எல்லோரும் அந்த அறைக்குப் போனோம். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில், முகம் இல்லாத சாம்பல் நிறப் பொம்மை ஒன்று, முன்னால் நெருக்கிக்கொண்டிருந்த மற்றப் பொம்மைகளின் முதுகைப் பார்த்தபடி ஓடிக்கொண்டே நின்றது. நண்பர் கைதவறிப் போட்ட கரண்டி தட்டில் விழுந்து சத்தம் எழுப்பியது.

எனக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. கட்டடத்தை விட்டு வெளியே வந்து முன்வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளை அடுக்கி, அதற்குள் ஒரு நீல விளக்கு வைத்திருந்தாள். முதலில் அது என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. அது மாதா கெபி, மாதா சிலை வைக்கக் கட்டும் சிறு குகை. அந்தக் கெபியை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதன் முன்னால் நின்று கேக் வெட்டுகிறோம். அது என் சித்தியின் கட்டடம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா இறந்தபிறகு தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த மனையில் மாடி மாடியாகக் கட்டி, வேலைக்கு வரும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறார். ஈவு இரக்கமில்லாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பார். நான் அங்கே எத்தனையோ முறை போயிருந்தாலும் தரைத்தள வரவேற்பறையைத் தாண்டி மேலே ஏறியதில்லை. ஏற வேண்டிய காரியம் வந்ததில்லை.

எல்லோரும் போனபிறகு அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து இதைச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "அய்யோ அக்கா! ஆன்ட்டிகிட்ட சொல்லிடாதீங்க. ரூமைக் காலி பண்ணுன்னு சொல்லிடுவாங்க. எனக்கு இங்க வேற யாரும் தெரியாதுங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் அந்த வாரம் வேலையில் ஒரு கோடுகூட நேராக வரவில்லை. கண்ணை மூடினால் காலை ஆட்டிக்கொண்டு நிற்கிற பொம்மைகள். தாங்க முடியாமல் வாரத்தின் நடுவில் வேலை முடிந்து நேராகச் சித்தியிடம் போனேன். மொட்டை மாடியில் துணி உலர்த்த இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். சித்தியும் கூடவே வந்தார்.

படியேறும்போது எனக்கு நடந்ததை எப்படிச் சொல்வது! அதுவரை ஒருநாளும் ஏறாத படிகளில் என் கால்கள் தானாகவே போயின. எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் படி கொஞ்சம் உயரம், எந்த அறைக்கு எதிரில் தண்ணீர்க் கேன் வைத்திருப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மேப்புக்குள் நான் ஏற்கெனவே அங்கே நடந்திருக்கிறேன். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே சாம்பல் பெட்டிகளாக இருந்த கட்டில்களில் இங்கே பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கம் போனேன். கதவு இருந்தது, அதற்கு முன்னால் பழைய மெத்தைகளின் அடுக்கு, கால் உடைந்த ஒரு கட்டில். தாழ்ப்பாளில் பூட்டு.

"இது எங்க போகுது சித்தி?"

"பின்னாடி படிக்கட்டுக்கு, சந்துல போய் இறங்கும். அதை ஏன் கேக்கற?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே தொடர்ந்தார். "முந்தியெல்லாம் தொறந்துதாம்மா இருந்துச்சு. ஒரு பொண்ணு இது வழியா இறங்கி ஒரு பையனோட போயிட்டா. அவ நல்லாத்தான் இருக்கா, பெங்களூர்ல. ஆனா அவங்கப்பா வந்து கேட்டுக்கு முன்னாடி நின்னு மண்ணை வாரித் தூத்தினாரு பாரு, ஒருவாரம் எனக்குச் சோறு இறங்கலை. அன்னைக்குப் போட்ட பூட்டு. பொண்ணைப் பெத்தவங்க என்னை நம்பி விட்டுட்டுப் போறாங்க."

சித்தி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை மேலும் கலங்க வைத்தது.

நண்பரிடம் பேசினேன். அவர் யோசித்துவிட்டு, "நமக்குத் தெரிஞ்சது மேப்புதாங்க. அதையே பண்ணுவோம்" என்றார். அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டோம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "பண்ணலாங்க்கா. ஆனா கெபியை எடுத்துடறேன். எந்த பில்டிங்குன்னு தெரியக்கூடாது" என்று எழுதினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு அந்தக் கட்டடமேதான். சுவர் எதையும் இடிக்கக் கூடாது. பொம்மைகள் எல்லாம் வெளியே வர வேண்டும். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அன்றைக்கு யாரும் விளையாட்டுப் பேச்சுப் பேசவில்லை. நண்பர், "இதுவும் எப்பவும்போலத்தான். முடியலைன்னா முடியலை, யாரும் பதட்டப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரல்தான் அதிகம் பதறியது.

ஆசிரியர் படிக்கட்டில் விளக்குகள் வைத்தார். நண்பர் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாவியைத் தொங்கவிட்டார். பொம்மைகளுக்குக் கண்ணாடியை உடைக்கத் தெரியாததால் அங்கேயே நின்றன. அந்தப் பெண் பூட்டையே எடுத்துவிட்டிருந்தாள். அதற்குப் பதில் கதவின் குறுக்கே ஒரு நீளக் கம்பி. உள்ளிருந்து உடம்பால் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து பிடிக்க ஒரு கைப்பிடிகூட இல்லை. திறந்த உடனே ஹாஸ்டல் நடத்துகிறவர் வீட்டிலும் காவலாளி நாற்காலிக்குப் பக்கத்திலும் மணி அடிக்கும். "விளையாட்டுல ஒருவழிக் கதவு வைப்போமே, அதுதாங்க. யாராவது போனா தெரிஞ்சுடும். போக முடியாம மட்டும் இருக்காது" என்றாள்.

சங்கு ஊதியது. பொம்மைகள் இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கின. மூன்றாவது மாடி ஜன்னல் ஓரத்துப் பொம்மையும் சந்துக்கு வந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம்தான் கேட்டது.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து மடிக்கணினியோடு சித்தி வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் மேப்பை மட்டும் காட்டுவதாக எண்ணம். ஹாஸ்டலுக்கு அடுத்த தெருதான் அவர் வீடு. "சித்தி, ஒரு கேம் ஆடுறீங்களா?" என்றேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் நடக்கும் என்று காட்டிவிட்டு, கெபியை எடுத்திருந்த பழைய மேப்பைத் திறந்து, முன்வாசலிலிருந்து ஏற்றி, அவரை மூன்றாவது மாடிக் கட்டிலில் நிறுத்தினேன். "சங்கு ஊதும். கீழ இறங்கி வெளிய வந்துடணும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். அறையை விட்டு வெளியே வந்து ஒரு நொடிகூட யோசிக்காமல் பின்பக்கம் திரும்பினார். கதவில் முட்டி நின்றார். சிரிப்புப் போய்விட்டது.

"கெபியை எடுத்துட்டா எனக்கு என் பில்டிங்கு தெரியாதா? யாரு போட்டது இது?"

நான் மடிக்கணினியை மூடினேன்.

"அந்த சிங்காரப்பேட்டைப் பொண்ணுதானே? எந்நேரமும் கம்ப்யூட்டரும் கையுமா இருக்குமே, அதுதானே?" குரல் உயர்ந்தது. "என்னைக் கொலைகாரின்னு சொல்றீங்களா ரெண்டு பேரும்? பூட்டினா என்ன, சாவி எங்கிட்டதானே இருக்கு? ஒண்ணு ஆச்சுன்னா ஓடி வந்து தொறக்க மாட்டேனா?" இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஹாஸ்டலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பெண்ணை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வழியெல்லாம் என்னென்னவோ கெஞ்சினேன், அவர் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது மாடியில் அவள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போய், எச்சில் கையோடு எழுந்து நின்றாள். சித்தி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து வாசலைப் பார்த்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த கட்டில்களைப் பார்த்தார். பிறகு எழுந்து, சங்கு ஊதியதுபோலவே, வேகமாகப் பின்பக்கம் போனார். மெத்தைகளைத் தானே இழுத்துத் தள்ளினார். நாங்கள் இருவரும் கட்டிலைப் பிடித்து நகர்த்தினோம். சாவியைப் பூட்டில் போட்டார்.

சாவி திரும்பவில்லை.

வேறு சாவியோ என்று கொத்தை ஒருமுறை பார்த்தார். அதே சாவிதான். மறுபடி போட்டு இரண்டு கையாலும் திருகினார். அந்தப் பெண் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். பூட்டு உள்ளே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சித்தியின் விரல் சிவந்துவிட்டது. கடைசியில் காவலாளி சுத்தியலோடு வந்து அடித்து உடைக்கிற வரை அது அசையவில்லை.

உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி அந்த மெத்தைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சாவி இருக்குதுன்னுதானேம்மா நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். முகத்தில் ரத்தமே இல்லை. மாரடைப்பாக இருக்குமோ என்று நான் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பெண் கைகழுவ மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தாள். சித்தி அவளை நிமிர்ந்து பார்த்து, "போ, போய்ச் சாப்பிடு. சோறு காயுது" என்றார்.

மறுவாரமே வெல்டிங்காரர் வந்தார். அவள் மேப்பில் போட்டிருந்த குறுக்குக் கம்பியை நான் ஒழுங்காக வரைந்து கொடுத்தேன். எல்லா மாடிக்கும் வைத்தாயிற்று, மணியும் போட்டாயிற்று. முன்பக்க ஷட்டரையும் பாதியில் நிறுத்தாமல் முழுக்கத் தூக்கிவிட்டார்கள். ஒரு ஞாயிறு மதியம் எல்லோரையும் கூப்பிட்டுச் சித்தியே விளக்கினார். பின்கதவில் இனிப் பூட்டு இல்லை, தள்ளினால் போதும் என்று ஒவ்வொரு மாடியாகப் போய்த் தள்ளியும் காட்டினார். "இப்ப எல்லாரும் ரூமுக்குப் போங்க. விசில் ஊதினதும் இறங்கணும்."

நானும் நண்பரும் பின்சந்தில் நின்றோம். அவர் இதற்காகவே கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தார். காவலாளி விசில் ஊதினார். மேலே சிரிப்புச் சத்தமும் ஓடுகிற சத்தமும் கேட்டன. நாங்கள் பின்படிக்கட்டின் கதவுகளைப் பார்த்தபடி நின்றோம். மணி அடிக்கவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒருவரும் வரவில்லை.

"ஏமைந்தி?" என்றார் நண்பர், என்ன ஆயிற்று என்று, அவருடைய வீட்டு மொழியில். நாங்கள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினோம்.

எல்லோரும் முன்படிக்கட்டில் இருந்தார்கள். ஒருத்தியின் துப்பட்டா கைப்பிடியில் சிக்கியிருந்தது. ஒருத்தி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் நிற்க முடியாமல் நெருக்க, முன்னால் இருந்தவர்கள் "தள்ளாதடி!" என்று கத்தினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, கதவை வடிவமைத்த அந்தப் பெண்ணே நின்றிருந்தாள்.

கீழே வந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "எனக்கே தெரியலைங்க்கா. விசில் சத்தம் கேட்டதும் காலு தானா இங்க வந்துடுச்சு."

இத்தனை நாளாகப் பொம்மைகளை ஓடவிட்டுப் பார்த்துத்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினோம். பொம்மை அருகில் இருக்கிற வாசலுக்குப் போகிறது. மனிதர்கள் தினமும் போய்ப் பழகிய வாசலுக்குத்தான் போகிறார்கள். இதை எங்களில் யாரும் யோசித்ததில்லை. நண்பர் நடைபாதையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

வழி கண்டுபிடித்தது சித்திதான். அவருக்கு மேப் தெரியாது, பெண்களைத் தெரியும். மறுநாள் காலையிலிருந்து வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் முன்படிக்கட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பின்னாடி போ. சந்து வழியா சுத்திட்டு வந்து பஸ் ஏறு." பெண்கள் முணுமுணுத்தார்கள். சந்தில் சேறு என்றார்கள், நாய் என்றார்கள். சித்தி சேற்றில் ஜல்லி கொட்ட வைத்தார், நாய்க்கு பிஸ்கட் போட்டுப் பழக்கினார். நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. காலை நேரம் முழுக்க அவர் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

சில வாரங்கள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் மறுபடி விசில் ஊதச் செய்தார். நான் சந்தில் நின்றேன். மணி அடித்தது. கதவு படாரென்று திறந்து முதலில் வந்தவள் செருப்பில்லாமல், வாயில் பல்துலக்கியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் இல்லை. பாதிக்கு மேல் இருக்கும். சித்தி அதிலும் திருப்தியடையாமல், முன்பக்கம் வந்தவர்கள் எந்தெந்த அறை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இந்தமுறை சந்துப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் குழுவில் இருக்கிறவர்கள் தாங்களாகவே மேப் அனுப்பத் தொடங்கினார்கள். தலைப்பு இல்லை, நேரக்கணக்கும் இல்லை. ஒருவர் தான் தங்கியிருக்கிற ஆண்கள் விடுதி. ஒருவர் தன் தம்பி படிக்கிற டியூஷன் சென்டர், பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடி, ஒரே ஏணிப்படி. பொம்மைகளை விடாமலே தெரிந்தது, யாரும் வெளியே வர முடியாது என்று.

அந்த ஆண்கள் விடுதியின் உரிமையாளரைப் பார்க்கச் சித்தியும் நானும் போனோம். மரியாதையான மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். மேப்பைப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்க, கார்ட்டூன் மாதிரியே இருக்குது" என்றார். பின்கதவுப் பூட்டைப் பற்றிக் கேட்டபோது, "சாவி எங்கிட்டதாம்மா இருக்கு" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

சித்தியைப் பார்த்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்கண்ணா," என்றார். "மேல போயி அதைப் போட்டுத் தொறந்து பாக்கலாம். நானும் வர்றேன்."

உரிமையாளர் அன்றைக்கு வரவில்லை, வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். சித்தி அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார், என்னைக் கூப்பிடக்கூட இல்லை. மூன்றாம் முறை அந்த மனிதர் சித்தியோடு மாடியேறியிருக்கிறார். சாவி திரும்பியதாம், கதவுதான் திறக்கவில்லையாம். வெளிப்பக்கம் யாரோ செங்கல் அடுக்கி வைத்திருந்தார்களாம். சித்தி இதைப் போனில்தான் சொன்னார். "செங்கல்லும்மா," என்றார். "செங்கல்லு. ஆளு வெச்சு எடுத்துட்டு இருக்காங்க. எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே நிக்கறேன்."